கூண்டுக் கயிறு நம் கையில்

(சமூக ஊடகத்தில் பாதுகாப்பும் பண்பும் என்ற பொருளில் காரைக்காலில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் என் கண் முன்னால் வந்து நின்றது நம் துறைமுகத்துக் கொடிமரம். ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் வானொலியில் அந்தச் செய்தி வரும்: "நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." அதைக் கேட்டதும் கட்டுமரம் மேட்டுக்கு ஏறும், விசைப்படகு ஆற்றுக்குள் வரும், வலை சுருட்டப்படும். கூண்டு ஏறியிருப்பது உண்மையா என்று நம் ஊரில் யாரும் கேட்டதில்லை.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கொஞ்சம் நின்று பாருங்கள். கூண்டில் 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரப் பார்க்கிறது. 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பேராபத்து. பகலில் கூம்பும் உருளையுமான உருவங்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். யார் ஏற்றுகிறார்? துறைமுக அதிகாரி. எதைப் பார்த்து ஏற்றுகிறார்? வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்த்து. அந்த அறிவிப்புக்குப் பின்னால் செயற்கைக்கோள் இருக்கிறது, நம் காரைக்காலிலேயே நிற்கும் டாப்ளர் ராடார் இருக்கிறது. புயல் கரை கடந்ததும் என்ன நடக்கிறது? கூண்டு இறக்கப்படுகிறது. ஏற்றியதைப் போலவே இறக்கியதும் செய்தியாக வருகிறது.

ஆக மூன்று விஷயங்கள். ஏற்றியவர் யார் என்று தெரியும். எதை நம்பி ஏற்றினார் என்று தெரியும். தேவை தீர்ந்ததும் இறக்குவார் என்று தெரியும். 11ஆம் எண் கூண்டு ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கொடிமரம் இருக்கிறது. கூண்டுக் கயிறு நம் கையில் இருக்கிறது. ஒரு தட்டில் ஐந்து குழுவுக்கு, அங்கிருந்து ஐந்நூறு வீட்டுக்கு, அங்கிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பாரிசுக்கும் நம் கூண்டு ஏறிவிடுகிறது. கயிறு கைக்கு வந்துவிட்டது. அந்தத் துறைமுக அதிகாரியின் பொறுப்பு நமக்கு வந்திருக்கிறதா? இன்று நான் கேட்க வந்த கேள்வி இது ஒன்றுதான்.

தவறான கூண்டு ஏறினால் என்ன ஆகும் என்று இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்து போனது. காரைக்கால் வட்டாரத்தில் மட்டும் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்தோம். நான்கு நாள் கழித்து, 30ஆம் தேதி, இன்னொரு அலை வரக்கூடும் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை அனுப்பியது. நான் அன்று ஒரு நிவாரண முகாமில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். "அலை வருது, அலை வருது" என்று ஒரு குரல். அடுத்த நிமிடம் முகாமில் ஆள் இல்லை. இலையில் போட்ட சோறு அப்படியே கிடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். உதவி செய்ய வந்தவர்களும் ஓடினார்கள். நாகப்பட்டினம் தொடங்கித் தமிழகக் கரை நெடுகிலும் மீட்பு வேலை நின்று போனது. அந்த எச்சரிக்கைக்கு அடிப்படை அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணிப்பு என்று பிறகு தெரிந்தது. அதில் அறிவியல் இல்லை என்று அன்றைய அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் மறுத்தார். அலை வரவில்லை.

அன்று நம் கையில் வாட்ஸ்அப் இல்லை, முகநூல் இல்லை. வதந்தி சமூக ஊடகத்தோடு பிறந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் வேலை தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, எச்சரிக்கை வந்தது, மக்கள் மேட்டுக்குப் போனார்கள், பேரலை இல்லை என்று உறுதியானதும் அன்று மாலையே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. எட்டு வருடத்தில் நாம் கற்ற பாடம் அது. ஒரு தவறான கூண்டுக்குப் பதிலாகச் சரியான கூண்டுக்கு ஓர் ஏற்பாடு செய்தோம். கடலைப் பற்றிய செய்திக்குச் செய்த அந்த ஏற்பாட்டை, மனிதரைப் பற்றிய செய்திக்கு இன்னும் செய்யவில்லை.

அந்த ஏற்பாடு இல்லாததால் போன உயிர்களைச் சொல்கிறேன். 2018 மே மாதம். வட மாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வட தமிழக மாவட்டங்களில் வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம். அதில் ஒரு மூதாட்டி, வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். நம் பாட்டிமார் எல்லோரும் செய்கிற காரியம். கூட்டம் சூழ்ந்தது. அந்த அம்மா அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார், கூட வந்தவர்கள் படுகாயப்பட்டார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டில் மனநிலை சரியில்லாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோவில் மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். பார்த்தவர் வயிறு பற்றி எரியும். அது கராச்சியில், பிள்ளைகளைக் கவனமாகப் பாருங்கள் என்று சொல்வதற்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம், வெட்டப்பட்ட சில நொடிகளால் ஆளைக் கொல்லும் படமாக மாறியது.

அத்திமூரில் கை ஓங்கியவர்கள் மேல் வழக்கு வந்தது. அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர்? "எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்" என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டில் இருந்தார்கள். அவர்களில் பலர் நல்லவர்கள். பிள்ளை மேல் பாசம் உள்ள தாய்மார்கள். அனுப்பியது அக்கறையில்தான். அக்கறையோடு ஏற்றினாலும் பொய்க் கூண்டு பொய்க் கூண்டுதான்.

அனுப்புவது ஒன்றும் எழுதுவது ஆகாது என்று நினைப்பவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர் தன் முகநூலில் பகிர்ந்தார். வேறொருவர் எழுதியது, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், நீக்கியும் விட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்பது அவர் தரப்பு. 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்ய மறுத்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பகிரப்பட்ட செய்தியை வில்லிலிருந்து விடுபட்ட அம்புக்கு ஒப்பிட்டார். அனுப்பும் வரை அது உன் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அனுப்பிய பின் அதன் விளைவுக்கு நீ பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் அபராதமும் விதித்தது. ஃபார்வர்டு என்ற சொல்லுக்குப் பின்னால் இனி யாரும் ஒளிந்துகொள்ள முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு வரும் செய்தியை நாம் நம்புவது அதை எழுதியவரைப் பார்த்தா? எழுதியவர் யார் என்றே தெரியாது. அனுப்பியது மாமா, அனுப்பியது பள்ளிக்கூட வாத்தியார், அனுப்பியது பள்ளிவாசல் ஜமாஅத்தில் இருக்கும் பெரியவர், அதனால் நம்புகிறோம். ஊர் பேர் தெரியாத ஒரு பொய்க்கு நம் நல்ல பெயரை நாமே இரவல் கொடுக்கிறோம். நாற்பது வருடம் நாணயமாக வாழ்ந்து சேர்த்த பெயர் அது.

துறைமுகக் கூண்டில் பார்த்த மூன்று விஷயங்களில் மூன்றாவது, இறக்குவது. இதைத்தான் நாம் அறவே செய்வதில்லை. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. வேறு இடங்களில், வேறு காரணத்துக்காக நடந்த கொலை, அடிதடிக் காட்சிகளை எடுத்து இந்தத் தலைப்பை ஒட்டியிருந்தார்கள். திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்து ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். ஊரில் இருந்த அம்மா அழுதுகொண்டே போன் செய்தால் பிள்ளை எப்படி வேலை செய்வான்? தமிழகக் காவல் துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு அது பொய் என்று வீடியோவிலேயே பேசி வெளியிட்டார். இந்தியிலேயே விளக்கங்கள் போயின. பீகார் அரசு அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களைப் பார்த்துப் பேசியது. பொய் போன பாதையிலேயே உண்மையும் போனது. பெரிய விபரீதம் ஒன்றும் நடக்காமல் நின்றது. கூண்டை இறக்குவது என்றால் இப்படி இறக்க வேண்டும்.

ஆனால் ஒரு குடும்பக் குழுவில், ஒரு தெருக் குழுவில் இது நடக்கிறதா? காலையில் போட்ட செய்தி பொய் என்று மதியம் தெரிந்தால் என்ன செய்கிறோம்? சத்தமில்லாமல் அழித்துவிடுகிறோம். அல்லது அடுத்த செய்தியைப் போட்டு அதை மேலே தள்ளிவிடுகிறோம். "நான் போட்டது தவறு, யாரும் நம்ப வேண்டாம்" என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தின் விலையை வேறொருவர் கொடுக்கிறார்.

நம் ஊருக்கே உரிய ஓர் உதாரணம். 2025 ஜனவரி 28 விடிகாலை, நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு ஒன்றின் மேல் இலங்கைக் கடற்படை சுட்டது. படகில் 13 பேர். சிலர் காயப்பட்டார்கள். அப்படிப்பட்ட விடியலில் நம் மீனவக் கிராமத்து வாசலுக்கு முதலில் வருவது கைபேசிச் செய்தி. யார் பெயர், எந்த நிலை என்பது உறுதியாகும் முன்னால் ஒரு பெயரைப் போட்டுவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடல் பிழைப்பு பிழைக்கும் ஊரில், ஒரு பெயரைத் தட்டச்சு செய்வதற்கு முன் அந்த வீட்டுத் திண்ணையை மனதில் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த 11ஆம் எண் கூண்டு. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து எந்த அளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, ஆனால் ஆபத்து இருக்கிறது என்பது அதன் பொருள். என் வரையில் அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமான கூண்டு. நம் வீடுகளில் எத்தனையோ பெண் பிள்ளைகள் அந்தக் கூண்டை ஏற்றிவிட்டு மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

2016 ஜூன். சேலம் மாவட்டம். வேதியியல் பட்டம் பெற்ற இளம் பெண். அவர் முகத்தை வேறொரு உடலோடு ஒட்டி யாரோ முகநூலில் போட்டார்கள். குடும்பம் காவல் துறையிடம் புகார் கொடுத்தது. நடவடிக்கை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் இன்னொரு படம் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டார். தன் பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை எழுதி வைத்துவிட்டுப் போனார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். படத்தைப் போட்டவனைப் பிடித்தார்கள். எல்லாம் நடந்தது, நேரத்தில் நடக்கவில்லை.

பொள்ளாச்சி உங்களுக்குத் தெரியும். சமூக ஊடகத்தில் நட்பாகப் பேசி வரவழைத்து, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே மிரட்டிய கும்பல். 2019 பிப்ரவரியில் ஒரே ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். அவர் பெயரைக் காவல் அதிகாரியே ஊடகத்தில் சொல்லிவிட்டார். அப்படியும் அவர் பின்வாங்கவில்லை. பாதிக்கப்பட்ட மற்றப் பெண்களும் வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் சிறை விதித்தது. ஆறு வருடம் அந்தப் பெண்கள் உறுதியாக நின்றதால் வந்த தீர்ப்பு. சேலத்துப் பெண்ணுக்கும் பொள்ளாச்சிப் பெண்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், கூட நின்றவர்கள்.

நாம் இருப்பது காரைக்கால் அம்மையாரின் ஊர். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதையை இங்கே குழந்தைக்கும் தெரியும். புனிதவதி என்ற வணிகர் வீட்டுப் பெண், கணவன் விட்டுப் போன பிறகு, அவனுக்காகச் சுமந்த அழகும் உடலும் இனி வேண்டாம், பேயுருவம் கொடு என்று இறைவனிடம் கேட்டு வாங்கினார். அதன் பிறகுதான் அற்புதத் திருவந்தாதி பாடினார், கயிலைக்குத் தலையால் நடந்தார், இறைவனே அம்மை என்று அழைத்தார். பக்தியோடு பலமுறை கேட்ட கதைதான். ஆனால் இப்போதெல்லாம் அதைக் கேட்கும்போது நம் பெண்கள் கைபேசியில் வைக்கும் முகப்புப் படம், அந்த டிபி, எனக்கு நினைவுக்கு வருகிறது. எத்தனை பேர் தங்கள் முகத்தை வைத்திருக்கிறார்கள்? ரோஜாப்பூ, பிள்ளையார், குழந்தை படம், சூரியன் மறைகிற கடற்கரை. தன் முகத்தை மறைத்தால்தான் நிம்மதியாகப் பேசலாம் என்ற நிலையில் அவர்களை வைத்திருக்கிறோம். அம்மையார் இறைவனை நாடிப் பேயுருவம் பூண்டார். நம் பெண்கள் நமக்குப் பயந்து உருவத்தை மறைக்கிறார்கள். அம்மையாருக்கு விழா எடுக்கிற ஊரில் இது தகாது.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெண் வந்து, "அப்பா, என் போட்டோவை எவனோ தப்பாப் போட்டிருக்கான்" என்று சொன்னால், உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அவள் உயிரைத் தீர்மானிக்கலாம். "நீ ஏன் போட்டோ போட்டே?" என்று கேட்காதீர்கள். "பயப்படாதே, நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள். பிறகு வேலையைப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பக்கத்தின் இணைப்பையும் தேதியையும் குறித்து வையுங்கள். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள், ஒரு முறை கொடுத்தால் மறுபடி கேட்பான். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம். பெண்கள், குழந்தைகள் பற்றிய புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்க அங்கே வழி உண்டு. பண மோசடி என்றால் உடனே 1930. ஒருவருடைய அந்தரங்கப் படம், மார்ஃபிங் செய்த படம் பற்றி அவரே புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவையில் உங்கள் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். படத்தின் அடையாள எண் மட்டும் உங்கள் கைபேசியிலேயே உருவாகிப் போகும், அதை வைத்துச் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்தப் படத்தைத் தடுக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு, நம் தலைநகர் புதுச்சேரியோ 130 கிலோமீட்டருக்கு அப்பால். புகார் கொடுப்பவர் காரைக்காலில், செய்தவன் நாகூரில் என்றால் எந்தக் காவல் நிலையம் என்று அலையவிட்ட காலம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

சட்டம் இன்னும் கடுமையாக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் புதுச்சேரியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2012 அக்டோபர் இறுதியில், ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த சிறு தொழிலதிபர் ஒருவரைக் காவல் துறை அதிகாலையில் கைது செய்தது. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. மனம் புண்படும், எரிச்சலூட்டும் என்ற சொற்களை வைத்துக்கொண்டு யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற பிரிவு அது. ஷ்ரேயா சிங்கல் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று தூக்கியெறிந்தது. பண்பை வளர்க்கிறோம் என்ற பெயரில் ஆளுவோரைக் குறை சொல்லும் வாயை அடைப்பதற்கு நாம் துணை போகக் கூடாது. கடுமையான விமர்சனம் வேறு, ஒரு பெண்ணின் உடலைப் பற்றி எழுதுவது வேறு. ஓர் அமைச்சரைக் கேள்வி கேட்பது வேறு, ஒரு மதத்தாரை அடிக்கக் கூப்பிடுவது வேறு. இந்த வேறுபாடு தெரியாத சட்டம் இரண்டு பக்கமும் கேடு செய்யும்.

கயிறு விற்ற நிறுவனங்களையும் நான் விடப்போவதில்லை. 2018 பிப்ரவரி கடைசியில் இலங்கை அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகம். உணவில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாக ஒருவர் கத்துகிறார். சிங்களம் சரியாகத் தெரியாத, தமிழ் பேசும் உணவகத்து இளைஞர் பயத்தில் தலையாட்டுகிறார். அந்த வீடியோ முகநூலில் பறந்தது. அரசுப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. தெரிவதற்குள் அம்பாறையில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச் முதல் வாரத்தில் கண்டி, திகன பகுதிகள் எரிந்தன. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, சமூக ஊடகங்களே முடக்கப்பட்டன. 2020 மே மாதம்தான் முகநூல் நிறுவனம் அந்தக் கலவரத்தில் தன் தளம் ஆற்றிய பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததால் அது வேறு கதை என்று நினைக்க வேண்டாம். நாம் பேசும் மொழியில் வரும் வெறுப்பைப் படித்துப் பார்க்க, அந்த மொழி தெரிந்த ஆட்களைப் போதுமான அளவு வைப்பது நிறுவனத்தின் கடமை. ஆங்கிலத்தில் வசவு எழுதினால் எடுக்கிறார்கள், தமிழில் எழுதினால் விட்டுவிடுகிறார்கள் என்றால் அந்தப் பாதுகாப்பு நமக்குப் பாதுகாப்பு இல்லை. செய்ய முடியும் என்பதற்கு ஆதாரம் உண்டு. கும்பல் கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை சுற்றி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. உயிர்கள் போன பிறகு செய்ததை முன்னாலேயே செய்திருக்கலாம்.

அரசு செய்ய வேண்டியதும் நிறுவனம் செய்ய வேண்டியதும் இருக்கட்டும். இரண்டு லட்சம் பேர் வாழும் இந்த ஊரில் நாம் நாளையே செய்யக்கூடியவை சில உண்டு. தெருக் குழு, மீனவப் பஞ்சாயத்துக் குழு, ஜமாஅத் குழு, பங்கு மக்கள் குழு, பழைய மாணவர் குழு என்று எத்தனையோ குழுக்கள் வைத்திருக்கிறோம். உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் தானாகக் குற்றவாளி ஆகமாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக அட்மினுக்கு வேலை இல்லாமல் போய்விடாது. பந்தியில் ஒருவர் அசிங்கமாகப் பேசினால் விருந்து வைத்தவர் சும்மா இருப்பாரா? எழுந்து வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவார். அட்மின் செய்ய வேண்டியது அதைத்தான்.

எல்லாக் குழுவிலும் மூன்று வழக்கங்கள் வேண்டும். செய்தியைப் போடுபவர் அது எங்கிருந்து வந்தது என்று கூடவே ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் போடக் கூடாது. ஒரு சாதியை, ஒரு மதத்தை, ஒரு பெண்ணை இழித்து வரும் எதுவும் நம் குழுவில் நிற்கக் கூடாது. போட்டது தவறென்று தெரிந்தால், போட்டவரே அதே குழுவில் எழுதி இறக்க வேண்டும், இறக்கியவரை யாரும் கேலி செய்யக் கூடாது. திருவள்ளுவர் புறங்கூறாமையையும் பயனில சொல்லாமையையும் இல்லறவியலில்தான் வைத்தார். இவை குடும்பம் நடத்தும் சாதாரண மனிதர்களுக்கு உரிய ஒழுக்கம். நம் குடும்பக் குழுக்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

ஒருவரையொருவர் நம்பிப் பண்போடு நடப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியில் நிற்பவர்கள் மாங்கனிகளை வீசுகிறார்கள். கீழே நிற்பவர்கள் அதை மடியில் ஏந்துகிறார்கள். ஆயிரக்கணக்கான கைகள் எறிகின்றன. அந்தக் கூட்டத்தில் எறிபவரும் ஏந்துபவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். அப்படியும் வருவது பழம்தான் என்ற நம்பிக்கையில் கீழே இருப்பவர் அண்ணாந்து நிற்கிறார். மஸ்தான் சாகிப் தர்காவின் கந்தூரிக்கு எல்லா மதத்தாரும் போகிறோம், மாதா கோயில் தேர்பவனிக்கும் எல்லோரும் நிற்கிறோம். வீதியில் இத்தனை பண்போடு நடக்கத் தெரிந்த நமக்குத் திரையில் அப்படி நடப்பது முடியாததல்ல.

என் பேச்சை முடிக்கிறேன். வீட்டுக்குப் போனதும் உங்கள் கைபேசியைத் திறந்து, கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் அனுப்பியவற்றை மேலே தள்ளிப் பாருங்கள். அதில் பொய்யென்று பிறகு தெரிந்தது ஒன்று இருக்கும். யாரையோ புண்படுத்தியது ஒன்று இருக்கும். அதே குழுவில், உங்கள் பெயரோடு, "இது தவறு, நம்ப வேண்டாம், அனுப்பியதற்கு வருந்துகிறேன்" என்று எழுதுங்கள். இன்று இரவு இந்த அரங்கத்திலிருந்து போகும் ஒவ்வொருவரும் ஒரு பொய்க் கூண்டை இறக்கிவிட்டுத் தூங்குங்கள்.